பின்ரூமுக்கு ஒரு மெஷின்

எதை வாங்கினாலும் ஒரு சைஸ் பெரிதாக வாங்குவதுதான் அண்ணியின் வழக்கம். மூன்று பேர் இருக்கும் வீட்டில் அவள் வைத்திருக்கும் குக்கரில் தெருவுக்கே சமைக்கலாம். செருப்பைக்கூட அரை சைஸ் தள்ளித்தான் எடுப்பாள். இனிமேல் கால் வளராது என்று கணவர் எத்தனை முறை சொல்லியும் கேட்டதில்லை. அவர் லாரி ஓட்டுபவர். மாதத்தில் பாதி நாள் சாலையில் கழிவதால், அண்ணியைத் திருத்த அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

ஆகவே ஸ்டிக்கர் வெட்டும் மெஷின் வாங்கலாம் என்று முடிவானதும், அவள் கண் நேராக நாலடி அகல மெஷின் மேல் போய் நின்றது. வீட்டு முன்னறையில் அவள் நடத்தும் ஜெராக்ஸ் கடைக்கு வருபவர்கள், கண்ணாடிக் கதவில் ஒட்டும் எழுத்து கிடைக்குமா, வண்டியில் பேர் ஒட்டித் தருவீர்களா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அவர்களை அடுத்த தெருவுக்கு அனுப்பி அனுப்பி அண்ணிக்கு வயிறு எரிந்தது. நாத்தனாருக்கோ கம்ப்யூட்டரில் வரையும் கை உண்டு. இருவரும் இந்தத் தொழிலுக்குப் புதுசுதான். ஆனாலும் சேர்ந்து இறங்கினால் ஒரு கை பார்த்துவிடலாம்.

நாத்தனாரை வீட்டில் சின்னவள் என்றுதான் கூப்பிடுவார்கள். கட்டிக்கொடுத்த இடம் ஒத்துவராமல் அண்ணன் வீட்டுக்கு வந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. இந்த ஒரு வருடத்தில் அவள் யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. சாப்பாட்டில் உப்பு கரித்தாலும் "நல்லா இருக்கு அண்ணி." டீவியில் எதைப் போட்டாலும் "உங்க இஷ்டம் அண்ணி." குடித்த டம்ளரை உடனே கழுவிக் கவிழ்த்து, அங்கே யாரும் தண்ணீர் குடித்த சுவடே இல்லாமல் செய்துவிடுவாள். லாட்ஜில் தங்குபவர்கள்கூட இவ்வளவு பதவிசாக இருக்கமாட்டார்கள்.

இவள் நம்மோடு இருக்கப்போகிறாளா, கிளம்ப நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறாளா என்ற பயம் அண்ணியை அரித்தது. பிள்ளை இல்லாத, புருஷன் பாதி நாள் இல்லாத வீடு அது. பேச்சுத்துணைக்கு ஒருத்தி வந்தபிறகு, பழையபடி தனியாக உட்கார்ந்து சாப்பிடுவதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அதைச் சொல்லவும் வரவில்லை. கோபம் வந்தால் மடமடவென்று கொட்டித் தீர்ப்பாள்; பாசம் வந்தால் மட்டும் நாக்கு எழாது.

அப்படிப்பட்ட சின்னவள் மெஷின் விஷயத்தில் மட்டும் ஒரே பல்லவியைப் பாடினாள். "சின்னதே போதும் அண்ணி. மேஜை மேல வச்சு வெட்டிட்டு, வேலை முடிஞ்சதும் பெட்டியில எடுத்து வச்சிடலாம். யாருக்கும் இடைஞ்சலா இருக்காது."

அண்ணிக்குச் சுருக்கென்றது. பெட்டியில் வைக்கலாம் என்றால், பெட்டியோடு தூக்கிக்கொண்டு போகலாம் என்றுதானே அர்த்தம்!

மெஷின் கடைக்காரர் பொறுமைசாலி. இருவரையும் உட்காரவைத்து, "எது நல்ல மெஷின்னு கேக்காதீங்க. எதை வெட்டப்போறீங்கன்னு சொல்லுங்க" என்றார்.

"கண்ணாடி எழுத்து, வண்டி எழுத்து, சின்னச் சின்ன போர்டு" என்றாள் சின்னவள்.

"எல்லாமே" என்றாள் அண்ணி.

கடைக்காரர் சிரித்துக்கொண்டே மூன்றைக் காட்டினார். மேஜையில் வைக்கும் குட்டி மெஷின், வாழ்த்து அட்டைக்கும் சின்ன ஸ்டிக்கருக்கும் சரி. கடைகளுக்கு வாங்கும் பெரிய ஸ்டிக்கர் ரோல் அதில் நுழையாது. ஸ்டாண்டோடு நிற்கும் இரண்டடி மெஷின் நடுத்தரம். நாலடி மெஷினுக்குத் தனி இடமே வேண்டும், வெட்டும்போது ஷீட் முன்னும் பின்னும் போய்வரும் என்றார்.

"அதுக்கென்ன, பின்ரூம் இருக்கே! அங்க போட்டுட்டா தீர்ந்தது" என்றாள் அண்ணி. சின்னவள் தரையைப் பார்த்தாள். அவள் படுப்பது பின்ரூமில்தான்.

அடுத்தது சாஃப்ட்வேர். மாதாமாதம் பணம் கட்டுவது ஒன்று, மெஷினோடு வருவது ஒன்று, இலவசமாகக் கிடைப்பது ஒன்று. பணம் கட்டுவதில் பூவும் பறவையுமாகப் படங்கள் கொட்டிக்கிடந்ததால் அண்ணிக்கு அதுதான் பிடித்துப்போயிற்று. சின்னவள் மெஷினோடு வந்ததில் "ஜெராக்ஸ்" என்று அடித்துப் பார்த்தாள். கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று பிய்ந்துபோய் வந்தது. இலவசத்தில் அடித்து, எழுத்தை வெறும் கோட்டு வடிவமாக மாற்றி மெஷினுக்கு அனுப்பினாள். இந்தத் தடவை ஒழுங்காக வந்தது. நடுத்தர மெஷின் சரசரவென்று சிவப்பு வினைல் ஷீட்டில் வெட்டித் தள்ளியது.

"சுத்தி இருக்கற வேஸ்டை மட்டும் உரிங்க. எழுத்து பேப்பரோட நிக்கணும்" என்றார் கடைக்காரர்.

அண்ணி அதைப் பிளாஸ்திரியைப் பிடுங்குவதுபோல ஒரே இழுப்பாக இழுத்தாள். எழுத்தும் சேர்ந்து கிளம்பி, ஒன்றோடொன்று ஒட்டி, மிச்சம் அவள் முழங்கையில் ஒட்டிக்கொண்டது. கடைக்காரர் இன்னொன்று வெட்டிக் கொடுத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போனார்.

"நீங்க பேப்பரைப் பிடிங்க அண்ணி, நான் உரிக்கறேன்."

சின்னவள் வேஸ்ட் ஷீட்டின் ஓரத்தைப் பின்பக்கமாக மடக்கி, மெல்ல மெல்ல உரித்தாள். கூடவே தூக்கிக்கொண்டு வந்த எழுத்தை அண்ணி விரலால் அமுக்கிக்கொண்டாள். சுழிக்குள் இருந்த துணுக்குகளைச் சின்னவள் ஊசி முனையால் எடுத்தாள். இரண்டு தலையும் ஒரு காகிதத்தின் மேல் குனிந்திருந்தன. முகத்தைப் பார்க்கவேண்டியதில்லை என்பதாலோ என்னவோ, சின்னவளுக்குப் பேச்சு வந்தது.

"அண்ணி, பெரிய மெஷின் வந்தா பின்ரூம்ல என் கட்டில் இருக்காதுல்ல?"

"எப்படி இருக்கும்?"

"அதான். நான் ஏதாவது ஹாஸ்டல் பாத்துக்கறேன். நேரா சொல்ல உங்களுக்குச் சங்கடம்னு எனக்குத் தெரியும். சின்ன மெஷினா இருந்தா, இடம் கிடைக்கற வரைக்கும் நான் ஒரு ஓரமா..."

"அடிப்பாவி!"

அண்ணி போட்ட சத்தத்தில் கடைவாசலில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"கடையை ஒட்டின தெருப்பக்க ரூமை உனக்காக நான் திருட்டுத்தனமா காலி பண்ணிக்கிட்டு இருக்கேன். நல்ல வெளிச்சமா இருக்கும், கம்ப்யூட்டரை ஜன்னலோரம் போட்டுக்கலாம், சொல்லாம செஞ்சு அசத்தலாம்னு பாத்தா, நீ ஹாஸ்டல் பாக்கறியா?"

சின்னவளின் ஊசி பாதியில் நின்றது. அண்ணிக்கு மூச்சு வாங்கியது. கோபத்தின் வேகத்தில், இத்தனை நாள் வராதது தானாக வந்துவிட்டது.

"நீ போயிடுவியோன்னு ஒரு வருஷமா எனக்குப் பயம்டி. தூக்கிட்டுப் போக முடியாத மெஷினா வாங்கிப் போட்டா நீ இருந்துடுவேன்னு நெனச்சேன். எனக்கு வேற என்ன வழி தெரியும்?"

சின்னவள் குனிந்தபடியே அழுதாள். கண்ணீர் சிவப்பு எழுத்தின் மேல் விழுந்து உருண்டது. நல்லவேளையாக, வினைல் தண்ணீருக்கு அசராது. அண்ணியும் எழுத்தை அமுக்கிய விரலை எடுக்காமலே அழுதாள். எடுத்தால் மறுபடி பிய்ந்துவிடும் என்ற பயம்! கடைக்காரர் அடுக்கி வைத்த ரோல்களையே இன்னொரு தடவை அடுக்கத் தொடங்கினார்.

கொஞ்ச நேரம் கழித்து சின்னவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"இந்த இரண்டடி மெஷினைக் குடுங்க" என்றாள் கடைக்காரரிடம். "வரையறதுக்கு இலவச சாஃப்ட்வேர் போதும்."

"ஏன், நாலடிக்கு என்ன குறைச்சல்?" என்று அண்ணி ஆரம்பித்தாள். "நாளைக்கே யாராவது பெரிய போர்டு கேட்டா? அந்தப் பூப்படம் எல்லாம்..."

"அண்ணி!" சின்னவள் அவள் பக்கம் திரும்பினாள். "இதுல உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. கொஞ்ச நேரம் வாயை மூடிக்கிட்டு உக்காருங்க."

கடைக்காரர் திடுக்கிட்டு அண்ணியைப் பார்த்தார். அண்ணி வாயை மூடிக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு, சமர்த்தாக நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது. வீட்டுப் பெண் பேசும்போது நடுவில் நமக்கென்ன பேச்சு என்று இருந்தது அவளுக்கு.