சுண்ணாம்பு காயும் முன்

கப்பல் ஊதியபோது ஸம்பேத்தாவுக்குப் பாக்கி இருந்தது படிக்கட்டு மட்டும்தான்.

ஆகஸ்ட் மாதா திருநாள் நெருங்கினால் அந்தக் கிரேக்கத் தீவில் வெளியே நிற்கிற எதுவும் சுண்ணாம்புக்குத் தப்பாது. சுவர், மரத்தடி, கிணற்று வாய், எல்லாம் வெள்ளை. அருங்காட்சியக முற்றத்தை மட்டும் விட்டுவைத்தால் ஊர் சிரிக்காதா? துப்புரவு வேலைக்கு இந்த வருஷம்தான் சேர்ந்தவள், விடிந்ததும் வாளியோடு இறங்கிவிட்டாள்.

காவலாளி ஆர்கிரிஸ், அவளுடைய தம்பி, சாவிக்கொத்தோடு வந்தவன் வாசலிலேயே நின்றான்.

"அக்கா, அந்தக் கல்லுக்குமா அடிச்ச?"

"அழுக்கா இருந்துச்சுடா."

"அழுக்கு இல்லக்கா. ரெண்டாயிரம் வருஷம்."

பழைய கல்லறைக்கல். கிரேக்க எழுத்து தேய்ந்து, யாராலும் வாசிக்க முடியாமல், உள்ளே இடம் கிடைக்காமல் முற்றத்தில் நின்றது. இப்போது ஊதிய கப்பலில்தான் தொல்லியல் அதிகாரி தனாயி வருகிறாள். அவள் ஒரு வரி எழுதினால் போதும். அக்காவுக்கும் வேலை போகும், சிபாரிசு செய்த தம்பிக்கும் போகும்.

ஸம்பேத்தா வினிகருக்கு ஓடினாள். அது பளிங்கையே தின்றுவிடும் என்று ஆர்கிரிஸ் புட்டியைப் பிடுங்கிக்கொண்டான். வெறும் தண்ணீர், பழைய துணி. மேட்டுப் பாதையில் பெட்டிச் சக்கரம் கடகடவென்று நெருங்க நெருங்க, இருவரும் மூச்சுவிடாமல் தேய்த்தார்கள்.

தனாயி உள்ளே வந்தாள். கல்லைப் பார்த்தாள். தரையில் ஓடிய பால்நிறத் தண்ணீரையும் பார்த்தாள்.

"யாரு வேலை இது?"

"நான்தாம்மா. அவனுக்கு ஒண்ணும் தெரியாது."

கல் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. மேற்பரப்பில் போய்விட்ட வெள்ளை, துணி எட்டாத மெல்லிய கீறல்களில் தங்கியிருந்தது. ஒரு கோடு. பக்கத்தில் இன்னொரு கோடு. தனாயி அந்த ஈரத்திலேயே மண்டியிட்டாள். கல்லில் படாமல் விரலைக் காற்றில் ஓட்டினாள்.

"மிக்கா." குரல் மாறியிருந்தது. "பொண்ணு பேரு. அப்புறம்... 'நல்லவளே, போய் வா.'"

"அறிக்கையில என்னம்மா எழுதுவீங்க?" என்றாள் ஸம்பேத்தா.

"சுண்ணாம்பு அடிச்சதையும் எழுதணும். இத வாசிச்சதையும் எழுதணும். மேல இருக்கறவங்க எதப் பெருசா எடுத்துக்கறாங்களோ."

இனிமேல் கல் பக்கம் வாளி வரவே கூடாது என்றாள் தனாயி. படிக்கட்டு பாதியில் நிற்கிறதே, அதை முடிக்கலாம் என்றும் சொன்னாள்.

"அழுக்குன்னியே," என்று தம்பி முணுமுணுத்தான். ஸம்பேத்தா சுண்ணாம்பு மட்டையை அவன் சட்டைக்கு நேராக ஓங்கினாள்.

சாயங்காலம் ஊர் முழுக்க வெள்ளையாக மின்னியது. முற்றத்தில் கல் மட்டும் பழைய மஞ்சளில் நின்றது, அதில் ஒரு பெயரும் ஒரு 'போய் வா'வும் மட்டும் வெள்ளை. கால்மாட்டில், கல்லில் படாமல் ஒரு சாண் தள்ளி, புதிதாகச் சுண்ணாம்பு பூசிய தொட்டியில் யாரோ ஒரு திருநீற்றுப்பச்சைச் செடியை வைத்திருந்தார்கள்.