பொத்தானின் அளவு

தையல்காரர் வீட்டு நாய் பயந்தால் பெரிதாகும். வாசல் மணி அடித்தால் கன்றுக்குட்டி அளவு, குடை விரித்தால் குதிரை அளவு, இடி இடித்தால் முன்னறை முழுக்க நாய்தான். பயம் தெளிந்ததும் சற்று இறங்கும். ஆனால் ஏறிய அளவுக்கு ஒருநாளும் இறங்கியதில்லை. தெருக்காரர்கள் முதலில் வாயைப் பிளந்தார்கள், பிறகு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். தபால்காரர் மட்டும் கடிதங்களை எதிர்க்கடையில் கொடுத்துவிட்டுப் போகப் பழகிக்கொண்டார்.

வந்தபோது உள்ளங்கைக்குள் அடங்கியதால் அதற்குப் பொத்தான் என்று பேர் வைத்தார் தையல்காரர். மனிதர் தனிக்கட்டை, நாயின்மேல் உயிரையே வைத்திருந்தார். காரியம் கெட்டதும் அதனால்தான். உடம்பு எப்படியோ அப்படித் துணியைத் திருத்துவதுதான் அவர் தொழில். தொப்பை போட்டவருக்கு இடுப்பைப் பிரித்துவிடுவார், இளைத்தவருக்குப் பிடித்துத் தைப்பார். யாரையும் வயிற்றை எக்கச் சொன்னதில்லை. நாயிடமும் அதே கைப்பழக்கம். இஸ்திரிப்பெட்டியின் சீறலுக்குப் பயந்ததா, இஸ்திரியையே நிறுத்தினார். வாடிக்கையாளர்கள் கசங்கிய சட்டையோடு போனார்கள். குடைக்குப் பயந்ததா, மழையில் நனைந்தார். கட்டிலைவிட்டு இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்ததா, தரையில் பாய் விரித்துப் படுத்தார். காலையில் ‘உட்காரு’ என்பார். அது முறைத்தால் ‘சரி, வேண்டாம்’ என்பார். மாலையில் பிஸ்கட் கொடுத்துச் சமாதானம் பேசுவார். அதன் கழுத்துப்பட்டையை அடிக்கடி பிரித்துப் பெரிதாக்கினார். பள்ளிச் சீருடைக்கு விடுவதுபோல உள்ளே தாராளமாகத் துணி விட்டுத் தைத்தார். அவர் விட்டுக்கொடுக்க விட்டுக்கொடுக்க நாய் வளர்ந்தது.

கடைசியில் மாடியிலிருந்து வீட்டுச் சொந்தக்காரர் இறங்கி வந்தார். நாயின் பின்பாதி கதவுக்கு வெளியே நீண்டு மாடிப்படியின் அடியை அடைத்திருந்ததால் பாதிப் படியில் நின்றே பேசினார். மாதக் கடைசிக்குள் நாய் போயாக வேண்டும், இல்லாவிட்டால் நகராட்சி லாரி வரும் என்றார். தையல்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பொத்தான் இல்லாத வீட்டை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அன்று மதியம் தங்கை வந்தாள். டவுன்பஸ் ஓட்டுகிறவள். ஜன்னல் வழியாகத்தான் உள்ளே வர முடிந்தது.

“அண்ணா, ஓடுற பஸ்ல டிரைவர் சீட்டு காலியா இருக்குன்னு தெரிஞ்சா என்ன ஆகும்? எவனாவது ஒருத்தன் பயத்துல ஓடிவந்து ஸ்டியரிங்கைப் பிடிப்பான். இது அதைத்தான் பண்ணுது. இந்த வீட்ல யாருமே ஓட்டலைன்னு அதுவே ஓட்டுது. பாவம், அதுக்கு ஓட்டத் தெரியாது.”

“நான் இப்ப என்னம்மா பண்றது?”

“சீட்ல உக்காரு. அடிக்காதே, கத்தாதே, கெஞ்சவும் கெஞ்சாதே. காலைல சொன்னதையே சாயங்காலமும் சொல்லு.”

மறுநாள் நாய் கதவுக்குள் அடங்கும் அளவுக்கு இறங்கியதும் அவர் வாசற்கதவருகே நின்று ‘இரு’ என்றார். நாய் முட்டிக்கொண்டு வந்தது. கதவைச் சாத்தினார். மறுபடி திறந்தார், மறுபடி முட்டியது, மறுபடி சாத்தினார். மதியம்வரை இதே கூத்து. பிறகு பொத்தான் கோபித்துக்கொண்டு நிலைவாசலில் குறுக்கே படுத்துவிட்டது. பழைய தையல்காரராக இருந்தால் ஜன்னலேறிக் குதித்திருப்பார். இப்போது முக்காலியை அதன் பக்கத்தில் போட்டுக்கொண்டு சட்டைகளின் பொத்தான் ஓட்டைகளுக்குக் காஜா எடுத்தார். இருவரில் யாருக்கு அழுத்தம் அதிகம் என்று பார்க்க எதிர்க்கடையில் கூட்டம் கூடியது. பொழுது சாய்ந்தபோது நாய்க்கே சலித்துப்போனது. எழுந்தது, ஒதுங்கியது, ‘இரு’ என்றதும் இருந்தது. அன்று கழுத்துப்பட்டை லேசாகத் தொங்கியது.

இஸ்திரிப்பெட்டி மறுபடி சீறியது. யாரும் அதை நிறுத்தவில்லை. தினமும் வீட்டுக்குள்ளேயே குடை விரிந்தது, மடங்கியது. நடுவில் ஒருமுறை மனசு கேட்காமல் கட்டிலை அதற்கு விட்டுக்கொடுத்தார். விடிவதற்குள் அது வளர்ந்து அலமாரியைச் சாய்த்துவிட்டது. அதன்பிறகு அந்தத் தப்பை அவர் செய்யவில்லை. ஆனாலும் மாதம் முடியும்போது பொத்தான் இன்னும் கன்றுக்குட்டி அளவில்தான் இருந்தது.

கெடு முடிந்த நாள், பகலிலேயே இருட்டிக்கொண்டு வந்தது. லாரி வாசலில் நின்றது, வீட்டுச் சொந்தக்காரர் கதவைத் தட்டினார், அதே நேரம் இடி இடித்தது. நாய் உப்பியது. தையல் இயந்திரம் சுவரோடு ஒட்டியது, ஜன்னல் சட்டம் முறுகியது. தையல்காரர் அதன் முன்னால் போய் நெற்றியில் கை வைத்தார்.

“இரு. நான் பாத்துக்கறேன்.”

சொல்லிவிட்டு வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

“நாய் எங்கயும் போகாது சார். முதல்ல உள்ள வந்து பாருங்க, அப்புறம் பேசுவோம்.”

அவர் யாரிடமும் அப்படிப் பேசியதில்லை. வீட்டுச் சொந்தக்காரர் தம்மையறியாமல் தலையாட்டினார். கதவைத் திறந்தால் முன்னறை வெறிச்சென்று கிடந்தது. தையல்காரர் மூலைமூலையாகக் குனிந்து தேடினார். அப்புறம்தான் தையல் இயந்திரத்துக்கு அடியில், வெட்டுத்துணிக் குவியலின்மேல், ஒரு காது மடிந்த சாதாரணப் பழுப்பு நாய் ஒன்றைப் பார்த்தார். வெளியே மறுபடி இடித்தது. பொத்தான் தூங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அது கண் மூடி அவர் பார்த்ததே இல்லை; இத்தனை காலமும் பாவம், காவல் காத்திருக்கிறது. தையல்காரர் விசும்பி அழுதார். வீட்டுச் சொந்தக்காரர் அதைப் பார்க்காததுபோலத் திரும்பி, லாரிக்காரரைப் போகச் சொல்லிக் கையசைத்தார்.

இப்போதும் பெரிய இடியென்றால் பொத்தான் கொஞ்சம் வளரும். தையல்காரர் அளவெடுப்பதை நிறுத்தி “நான் இருக்கேன்” என்பார். வாடிக்கையாளர் நீட்டிய கையை மடக்காமல் காத்திருப்பார். நாய் தன் அளவுக்கு இறங்கியதும் அவர் மிச்சத்தை அளந்து முடிப்பார்.