பைக்குள் இருந்த நீர்நாய்

2024 பிப்ரவரி 17, சனிக்கிழமை மாலை, தெம்பனிஸ் வட்டார நூலகத்தின் இரவல் இயந்திரம் ஏழு வயது ஹம்னாவின் பெயரில் பதினாறு தமிழ்ப் புத்தகங்களைப் பதிந்துகொண்டது. பதினேழாவதை ஏற்க மறுத்தது.

பதினாறையும் எடுத்தவர் அவளுடைய தந்தை முபாரக். பதினேழாவதை ஹம்னா தானே கீழ்த்தட்டிலிருந்து உருவி வந்திருந்தாள். மெல்லிய படப்புத்தகம். அட்டையில் ஒரு நீர்நாய், மீன் ஒன்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றது. தலைப்பை விரல் வைத்து, எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசித்திருந்தாள். பாடப்புத்தகத்துக்கு வெளியே, யாரும் சொல்லாமல் அவள் வாசித்த முதல் தமிழ்ச் சொல் அது.

“அத்தா, இது நம்ம பெடோக்ல பாத்தோமே, அந்த ஓட்டர் ஃபேமிலி! இது ஒண்ணு மட்டும், ப்ளீஸ்.”

“கார்டு ஃபுல்லாயிடுச்சும்மா. அடுத்த தடவ எடுக்கலாம்.”

“அப்ப அந்தத் தடி புக்க வச்சிடுங்க. அது எதப் பத்தின்னே தெரியலன்னு நீங்கதான சொன்னீங்க?”

பின்னால் வரிசை நின்றிருந்தது. ஒரு சீனப் பெரியவர் தொண்டையைச் செருமினார். முபாரக் படப்புத்தகத்தை வாங்கிப் பக்கத்துத் தள்ளுவண்டியில் வைத்துவிட்டு, மற்றவற்றைப் பையில் அடுக்கினார்.

தடி புத்தகங்களை அவர் எடுத்ததற்குக் காரணம் இருந்தது. சரக்குக் கப்பல் நிறுவனம் ஒன்றில் கணக்கராக இருக்கும் அவர், டன்லப் ஸ்திரீட் உணவகமொன்றில் மாதம் ஒருமுறை கூடும் வாசகர் குழுவில் உறுப்பினர். தமிழ்ப் புத்தகங்களை யாரும் இரவல் வாங்காவிட்டால் நூலகங்களில் தமிழ் அலமாரி சுருங்கிவிடும் என்ற பேச்சு அந்தக் குழுவில் முந்தைய ஆண்டு கிளம்பியது. யார் சொன்னது, எங்கே கேட்டது என்று எவருக்கும் தெரியவில்லை. ஆனால் எல்லோரும் நம்பினார்கள். ஆளாளுக்குத் தங்கள் அட்டையையும் வீட்டார் அட்டைகளையும் தமிழ்ப் புத்தகங்களால் நிரப்புவது என்று அன்று முடிவாயிற்று.

“படிக்கணும்னு அவசியமில்ல பாய், எடுத்தா போதும்,” என்றார் குழுவின் மூத்தவர் லாசரஸ். “எங்க வீட்டுப் பூனைக்கு மட்டும் கார்டு குடுத்தாங்கன்னா, இந்நேரம் அதுவும் ஒரு இலக்கியவாதிலா.”

எல்லோரும் சிரித்தார்கள். முபாரக் மட்டும் அதைத் தீவிரமாக எடுத்துக்கொண்டார். மகள் வளர்ந்து வாசிக்கும்போது அந்த அலமாரி அங்கே இருக்க வேண்டும் என்று அவர் விரும்பினார். தன் அட்டை, மனைவி ரபியாவின் அட்டை, ஹம்னாவின் அட்டை மூன்றும் எப்போதும் நிரம்பியே இருந்தன. யாரும் தொடாத புத்தகங்களாகப் பார்த்து எடுப்பார். வீட்டுக்கு வந்ததும் பைகள், வீட்டில் சாமான் அறையாகப் புழங்கும் ‘பாம் ஷெல்ட்டர்’ கதவின் பின்புறக் கொக்கியில் தொங்கும். இரவல் பொருள், கறை படக்கூடாது, கிழியக்கூடாது என்பதால் யாரும் பிரிப்பதில்லை. மூன்று வாரம் கழித்து அப்படியே திரும்பிப் போகும்.

“லைப்ரரிக்கே லாரி சர்வீஸ் நடத்துறீங்க,” என்பாள் ரபியா.

மார்ச் 9ஆம் தேதி முபாரக் தனியாகப் போனார். ஹம்னாவுக்கு மதரஸா வகுப்பு இருந்தது. நீர்நாய் புத்தகம் அதே கீழ்த்தட்டில் இருந்தது. அவருக்கு நினைவு வந்தது. மகளின் அட்டையில் அதையும் சேர்த்துப் பதிந்தார். முகத்தில் சிரிப்போடுதான் வெளியே வந்தார். வழியில் அலுவலகத்திலிருந்து அழைப்பு. வீட்டில் நோன்புக்கான சாமான்கள் வாங்கும் பரபரப்பு. பை கொக்கிக்குப் போயிற்று.

நோன்பின் முதல் வாரத்தில் ஒருநாள் ஹம்னா தாயிடம் கேட்டாள்: “அம்மா, அந்த ஓட்டர் புக் இன்னும் அங்கயே இருக்குமா? வேற யாராச்சும் எடுத்துருப்பாங்களா?”

“சனிக்கிழம போவும்போது பாத்துக்கலாம். இப்ப அந்தப் பேரீச்சம்பழத் தட்ட எடுத்து வை.”

தட்டு ஷெல்ட்டருக்குள் இருந்தது. ஹம்னா கதவைத் திறந்து எடுத்து வந்தாள்.

மார்ச் 30ஆம் தேதி மூவரும் நூலகத்துக்குப் போனார்கள். நோன்பு திறப்பதற்குள் வீடு திரும்ப வேண்டும் என்ற அவசரத்தில், திருப்பித் தரும் திறப்பில் முபாரக் கை கையாக எடுத்துப் போட்டார். உள்ளே புத்தகங்களை இழுத்துச் செல்லும் பட்டை நகர்ந்தது. ஹம்னா எட்டிப் பார்த்தபடி நின்றாள்.

“அத்தா! அத்தா, அது ஓட்டர்!”

அவள் கை நீட்டுவதற்குள் புத்தகம் உள்ளே போய்விட்டது.

“அது நம்ம வீட்லயா இருந்துச்சு?”

“ஆமாம்மா. உனக்காகத்தான் எடுத்தேன்.”

“ஏன் சொல்லல?”

“நீங்க ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லிருக்கலாம்ல?” என்றாள் ரபியா. முபாரக் நேராக உதவி மேசைக்குப் போனார். செரினா என்ற இளம் ஊழியர் கணினியில் தேடினார்.

“சாரி சார், இத வேற ஒருத்தவங்க ரிசர்வ் பண்ணிட்டாங்க. புக்கிட் பாஞ்சாங் லைப்ரரிக்குப் போகுது.” பிறகு சிரித்தார். “நல்ல விஷயம்தான? தமிழ் புக்குக்கு ரிசர்வேஷன் வர்றதே ரேர்லா.”

“ஆமா,” என்றார் முபாரக்.

ஏற்கெனவே பதிந்திருந்தவருக்கு அடுத்ததாக ஹம்னா பெயரை முன்பதிவு செய்தார். அன்று அவள் அட்டையில் ஒரு புத்தகம்கூட இல்லை. “எது வேணும்னாலும் எடு, பதினாறும் உனக்குத்தான்,” என்றார். அவள் அலமாரிகளுக்கிடையே ஒருமுறை நடந்துவிட்டு வெறுங்கையோடு வந்து, வீட்டுக்குப் போகலாம் என்றாள்.

பெருநாள் முடிந்த சனிக்கிழமை, ஏப்ரல் 13, முன்பு பதிந்தவர் சீக்கிரமே திருப்பிவிட, புத்தகம் வந்துவிட்டதாகத் தகவல் வந்தது. முபாரக் போய் வாங்கிவந்து, பலகாரத் தட்டுகளை ஒதுக்கி, சாப்பாட்டு மேசையின் நடுவில் வைத்தார்.

ஹம்னா அட்டையைப் பார்த்தாள். பிறகு ஷெல்ட்டருக்குப் போய்ப் பையைக் கொண்டுவந்து, புத்தகத்தை அதற்குள் வைத்தாள்.

“தொறந்து பாரும்மா.”

“லைப்ரரி புக்கு அத்தா. கிழிஞ்சிடும்.”

“கிழிஞ்சா பரவால்ல.”

அவள் அவரை நம்பாமல் பார்த்தாள். பையைக் கொக்கியில் மாட்டினாள். அதற்கு நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு ஏற வேண்டியிருந்தது.

அடுத்த வாரங்களில் முபாரக் இரண்டு முறை அதை வெளியே எடுத்து அவள் படிக்கும் மேசையில் வைத்தார். ஒரு முறை முதல் பக்கத்தைத் தானே உரக்க வாசித்தார். அவள் கணக்குப் பயிற்சியிலிருந்து தலை தூக்கவில்லை. இரண்டு முறையும், அவர் வேலைக்குப் போய் வருவதற்குள் புத்தகம் பைக்குள் இருந்தது.

மே 4ஆம் தேதி அது திருப்பித் தரப்பட்டது. அந்த முறை பையில் அது ஒன்றுதான் இருந்தது.