பின்னால் வந்த கார்

நான் தெருவில் நடக்கத் தொடங்கிய முதல் நாளே எங்கள் வீட்டுக் காரும் என் பின்னால் நடக்கத் தொடங்கியது. கார் எப்படி நடக்கும் என்று கேட்பவர்கள் எங்கள் டிரைவர் பெத்தணனைப் பார்த்ததில்லை. முதல் கியரில் போட்டு, சைக்கிள்காரர்கள்கூடத் திட்டிக்கொண்டு விலகும்படி, என் முதுகை ஒட்டி ஊர்ந்து வருவார். ஏறச் சொல்ல மாட்டார், முந்திப் போகவும் மாட்டார். அது என் மாமியார் ஞானசுந்தரியின் உத்தரவு.

"காரு வாசல்ல நிக்கையில மாசமா இருக்குற மருமகளை நடக்க விட்டோம்னா சிவகாசியே சிரிக்கும்மா" என்றார் அத்தை. "டாக்டர் சொல்லிட்டாகன்னு நீயும் ஒத்தைக் கால்ல நிக்கே. சரி, நட. காரு பின்னால வரட்டும். கால் வலிச்சா ஏறிக்கோ."

எனக்குக் கால் வலிக்கவில்லை, எரிச்சல்தான் வந்தது. பிரஸ்கள் வரிசையாக இருக்கும் தெரு எங்களுடையது. காலண்டர் அட்டை ஏற்றிக்கொண்டிருந்த லோடுமேன்கள் கையிலிருந்ததை அப்படியே பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். ஒருவர் "வண்டி ரிப்பேரா தாயி?" என்று அக்கறையோடு கேட்டார். சாமி ஊர்வலத்துக்குக்கூட இவ்வளவு மரியாதை கிடைத்திருக்காது.

நான் பிறந்ததிலிருந்தே பருமன். கல்யாணத்தன்று மாலை மாற்றும்போது, "பொண்ணு நல்ல வசதியான வீட்டுப் பொண்ணு" என்று ஒருத்தி சொல்ல, பக்கத்திலிருந்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள். விருதுநகரில் பருப்புக் கமிஷன் கடை வைத்திருக்கும் காசிராஜனின் ஒரே மகள் யோகேஸ்வரி வேறு எப்படி இருப்பாள்? கேலியெல்லாம் எனக்குப் பழகிவிட்டது. பழகாதது பயம். இது என் இரண்டாவது பிள்ளை. முதல் பிள்ளை எட்டாம் மாதத்தில் வயிற்றுக்குள்ளேயே அசையாமல் போனான்.

மயக்கம் தெளிந்து நான் கண் விழித்தபோது எல்லாம் முடிந்திருந்தது. தாய் பார்த்தால் மனசு தாங்காது, அடுத்த பிள்ளைக்கும் ஆகாது என்று ஆம்பளைகளே கொண்டுபோய் அடக்கம் செய்துவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். ஆண் பிள்ளை என்று மட்டும் நர்ஸ் சொன்னார். அதற்கப்புறம் அவனைப் பற்றி இந்த வீட்டில் யாரும் வாய் திறந்ததில்லை. நான் பேச்செடுத்தால், "காப்பி குடிக்கியா?" என்பார் அத்தை. என் கணவர் சூர்யபிரகாஷ் செல்போனை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விடுவார்.

இந்த முறை வேறு ஆஸ்பத்திரி. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, ஏறினால் பிள்ளை அளவுக்கு மீறிப் பெருத்துவிடும் என்றார் டாக்டர். போன தடவையும் சர்க்கரை இருந்திருக்கலாம், யாரும் பார்க்காமல் விட்டிருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது, உங்கள் மேல் தப்பில்லை என்று சொல்லிவிட்டு, உணவு ஆலோசகர் கற்பகவல்லியிடம் அனுப்பினார்.

"உங்களை இளைக்கச் சொல்லலைங்க" என்றார் கற்பகவல்லி. "மாசமா இருக்கையில பட்டினி கிடக்கவே கூடாது. எடை அளவா ஏறட்டும், சர்க்கரை ஏறாம இருக்கட்டும், அம்புட்டுதான். தட்டுல பாதி காய், கொஞ்சம் சோறு, கொஞ்சம் பயறோ முட்டையோ. சாப்பிட்டுட்டு ஒரு நடை. மூச்சு வாங்காமப் பேசிக்கிட்டே நடக்குற வேகம் போதும். கூட யாரையாச்சும் கூட்டிக்கோங்க."

கூட யாரைக் கூட்டிக்கொள்வது? ஆடிப்பெருக்குக்குப் புதுக் காலண்டர் மாதிரிகளை ஆல்பமாகப் போட்டதும் அதைத் தூக்கிக்கொண்டு ஆர்டர் பிடிக்க வடக்கே போனவர் என் கணவர். பாட்னா, கயா, ராஞ்சி என்று ஊர் பெயர் மட்டும் மாறும். மாமாவுக்கு எங்கள் பிரஸ்ஸே கதி. அத்தைக்கு நான் நடப்பதே பிடிக்காது. பேசிக்கொண்டே நடக்கலாம் என்றால் பெத்தணனோடு கண்ணாடி வழியாகத்தான் பேச வேண்டும்.

புதன்கிழமை காலைகளில் ஆஸ்பத்திரி ஹாலில் என்னைப் போன்ற கர்ப்பிணிகளுக்கு வகுப்பு நடக்கும். நாற்காலியில் உட்கார்ந்து கையைத் தூக்குவோம், காலை நீட்டுவோம், சிரிப்போம். அந்த ஹாலில் மட்டும் நாற்காலி கிரீச்சிட்டால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இரண்டு வகுப்புகளுக்கு நடுவில் கற்பகவல்லி ஒருநாள் போன் செய்து, "என்ன சாப்பிட்டீங்க, நடந்தீங்களா?" என்று கேட்பார். அந்த போனுக்காக நான் காத்துக் கிடந்தேன். வேலைக்காகக் கேட்கிறார் என்று தெரியும். இருந்தாலும் வாரம் முழுக்க என்னிடம் கேள்வி கேட்டு, பதில் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருந்த ஆள் அவர் ஒருவர்தான்.

அத்தை கேட்க மாட்டார், வைப்பார். விடிந்தால் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் மிதக்க உளுந்தங்களி. பதினோரு மணிக்குப் பால்கோவா. மத்தியானம் என் தட்டில் நான் எடுத்து வைத்த சோற்றுக்கு மேல் இன்னொரு கரண்டி. வேண்டாமென்றால் முகம் விழுந்துவிடும். அதில் கெட்ட எண்ணம் துளியும் இல்லை. போன தடவை முதல் மூன்று மாதம் நான் வாந்தியும் மயக்கமுமாகக் கிடந்து சரியாகச் சாப்பிடாததால்தான் முதல் பிள்ளை வயிற்றிலேயே வற்றிப் போனது என்று அத்தை நம்பினார். என்னிடம் நேரே சொன்னதில்லை. பூஜை அறையில் மாரியம்மனிடம் சொல்வது சமையலறை வரைக்கும் கேட்கும்.

இரண்டு வாரம் இப்படி நானும் காரும் ஊர்வலம் போனோம். ஒருநாள் தண்ணீர் பாட்டிலும் சுண்டலும் போட்டுத் தோளில் ஒரு பையை மாட்டிக்கொண்டேன். செய்த தப்பு அதுதான். புருஷன் ஊரில் இல்லை, மாசமாக இருக்கும் மருமகள் பையோடு விறுவிறுவென்று நடக்கிறாள், வீட்டுக் கார் கெஞ்சிக்கொண்டு பின்னாலேயே போகிறது. பார்த்தவர்களுக்கு வேறென்ன தோன்றும்? மாமியாரோடு சண்டை போட்டுக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போகிறேன் என்று முடிவு கட்டிவிட்டார்கள். செய்தி எனக்கு முன்னால் விருதுநகர் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் காலையில் அப்பா வந்து இறங்கினார். சண்டைக்கு வந்தாலும் வெறுங்கையோடு வர மாட்டோம் நாங்கள். அதிரசம் ஒரு டின், முறுக்கு ஒரு டின், சீரணி மிட்டாய் ஒரு கூடை.

"என்ன தங்கச்சி, எம் புள்ளைய ரோட்டுல விட்டுட்டீகளாம்?" என்றார் நின்றபடியே.

"அய்யோ அண்ணாச்சி, நானா விட்டேன்?" அத்தை அழுதேவிட்டார். "நடக்காதேன்னா கேக்க மாட்டேங்கா. சோத்தை அளந்து திங்கா. ஒண்ணு பறிகொடுத்தது பத்தாதா? அதும் இப்படித்தான் சோறு பத்தாமச் சவலையாப் போச்சு. நீங்களே கேளுங்க."

அப்பா என்னைப் பார்த்தார். அவர் முகம் மாறியது. சண்டை போட வந்தவர் ஒரே நொடியில் அத்தை பக்கம் சாய்ந்துவிட்டார். "ஏம்மா, இளைச்சுப் போயிட்டியே" என்றார். என்னைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொன்ன முதல் மனிதர் என் அப்பாதான், அதுவும் பொய்.

இருவருமாகப் பேசி முடித்தார்கள். வளைகாப்பு வரைக்கும் காத்திருக்க வேண்டாம், இன்றைக்கே விருதுநகர் வந்துவிடட்டும். படி இறங்காமல் படுத்திருக்கட்டும். வாய்க்கு ருசியாகச் சமைத்துப் போட அம்மா இருக்கிறாள். வாராவாரம் ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டாம். நான் நடுவில் சர்க்கரை என்றேன், டாக்டர் என்றேன். "டாக்டருக்கு என்னம்மா, பெத்தவுகளுக்குத் தெரியாததா?" என்றார் அப்பா. இந்தப் பிள்ளையையும் பலகாரம் கொடுத்தே பாசமாகக் கொன்றுவிடுவார்களோ என்று தோன்றியது. தோன்றியதற்கு வெட்கப்பட்டேன், ஆனாலும் தோன்றியது.

மாப்பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று அப்பா போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். ஏதோ ரயில் நிலையம், பின்னால் இந்தியில் அறிவிப்பு. அத்தை எல்லாவற்றையும் சொல்லி, கடைசியில், "நம்ம முதப் பிள்ளை சவலையாப் போன மாதிரி இதும் போயிரக் கூடாதுய்யா" என்றார்.

லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து அப்பா போனை எடுத்துப் பார்த்தார்.

"சவலை இல்லைம்மா" என்றார் என் கணவர். குரல் அவருடையது மாதிரியே இல்லை. "யாரு சொன்னா சவலைன்னு? நாந்தானே தூக்கிட்டுப் போனேன். நல்ல கனம். ஒரு மணி நேரம் வண்டியில மடியிலயே வச்சிருந்தேன், இறக்கி வைக்கையில ரெண்டு கையும் மரத்துப் போச்சு. அம்புட்டுப் பெரிய பிள்ளைம்மா. சோறு பத்தாமப் போகலை. இந்தத் தடவையாச்சும் டாக்டர் சொல்றதைக் கேளுங்க. அவளை நடக்க விடுங்க."

அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். எழுந்து போய், அதிரச டின்னை என் கண்ணில் படாத இடத்தில் வைத்தார். "காரை வேணா நிப்பாட்டிரச் சொல்லவாம்மா?" என்று கேட்டார். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "மாப்ளை சொன்னாச் சரிதான்" என்றார். நான் ஜெயித்துவிட்டேன்.

போனை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். இத்தனை நாளாக என் பிள்ளையைச் சின்னதாக, சுருங்கிய பிள்ளையாக மனசுக்குள் வைத்திருந்தேன். அவன் கனமாக இருந்திருக்கிறான். என்னைப் போலவே இருந்திருக்கிறான்.

"ஏங்க, யார் சாயல்?" என்றேன்.

"யோகா..."

"சொல்லுங்க. மூக்கு யாரு மாதிரி?"

"நான் முகத்தைப் பாக்கலை" என்றார். "துணியில சுத்திக் குடுத்தாக. எங்கப்பா 'திறந்து பாருலே'ன்னாக. எனக்குத் தைரியம் இல்லை. அப்படியே கொண்டு போய்ட்டேன்." ஆள் நடமாட்டத்துக்கு நடுவில் நின்று அவர் அழுவது கேட்டது. "கோவமா யோகா?"

இல்லை என்றேன். கோபம்தான். ஆனால் அத்தனை தூரத்தில், அந்தக் கூட்டத்தில், தன்னந்தனியாக நிற்கிற மனிதரிடம் அதை எப்படிச் சொல்வது? வயிற்றில் இந்தப் பிள்ளை ஒரு உதை விட்டது. அவரிடம் சொல்ல நினைப்பதற்குள் ரயில் வந்துவிட்டது என்று வைத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் தனியாக நடந்தேன். லோடுமேன்கள் இப்போது நிமிர்ந்தும் பார்க்கவில்லை. அழுதுகொண்டேதான் போனேன். அவனை நான் எட்டு மாதம் சுமந்தேன், அவர் ஒரு மணி நேரம் சுமந்தார். எங்கள் இருவருக்குமே அவன் முகம் தெரியாது.