சாவியைப் போடு

"போடு!" என்று பின்னாலிருந்து அண்ணன் கத்தினான்.

அவள் சாவியைத் திருப்பினாள். டாஷ்போர்டில் விளக்குகள் எரிந்தன. அதற்கு மேல் எதுவும் நடக்கவில்லை.

"சத்தம் ஏதும் கேட்டுச்சா?"

"நீதான பம்பு மேலயே கவுந்து கெடக்குறே, எங்கிட்ட கேக்குறே?"

"சாவியப் போட்டதும் உர்ர்னு ஒரு சத்தம் வரணும். வரல. ஆஃப் பண்ணு."

நன்றாக ஓடிக்கொண்டிருந்த கார் பைபாஸ் சாலையில் இரண்டு முறை திக்கி, பிறகு அப்படியே அணைந்துவிட்டது. டேங்கில் பெட்ரோல் இருந்தது. அதை எஞ்சினுக்குத் தள்ளிவிடும் பம்புதான் வாயைத் திறக்கவில்லை. அண்ணன் பின்சீட்டைக் கழற்றி வெளியே எறிந்திருந்தான். அது சாலையோர மண்ணில் சோபா மாதிரி கிடந்தது. போகிற லாரிக்காரர்கள் அதைப் பார்த்துவிட்டுத்தான் காரைப் பார்த்தார்கள்.

அவள் மறுபடியும் இறங்கிக் கை காட்டினாள். இந்தச் சாலையில் பேருந்து நிற்காது. வாடகைக் கார்க்காரன் வருகிறேன் என்று சொல்லி வெகுநேரமாகிறது. இப்போது போனையே எடுக்கவில்லை. மருத்துவமனையில் அப்பாவுக்குப் பக்கத்தில் அத்தை மட்டும் இருந்தாள். வண்டி நின்றதும் அவளிடம் போனில் சொல்லியாயிற்று. காலையில் அத்தை போனில் கூப்பிட்டபோது, "பெரியவன் வரானான்னு கேட்டுக்கிட்டே இருக்காரும்மா, கையோட கூட்டிட்டு வந்துடு" என்று சொன்னாள்.

அப்பா ஊர் நீச்சல்குளத்தில் பயிற்சி சொல்லிக்கொடுத்தவர். தவளை வாத்தியார் என்றால்தான் ஆளைத் தெரியும். ஊரில் பாதிப்பேரைத் தண்ணீரில் பிடித்துத் தள்ளி மிதக்கவைத்தவர். பெற்ற மகள் மட்டும் அவரிடம் பிடி கொடுக்காமல் வளர்ந்துவிட்டாள். நுரையீரல் கெட்டு மாடிப்படி ஏறமுடியாமல் போன பிறகும் விசிலை மாட்டிக்கொண்டு குளத்துக்குக் கிளம்பிவிடுவார். ஒருநாள் அண்ணன் குளத்து மேனேஜரைப் பார்த்து, "எங்கப்பாவ உள்ள விடாதீங்க" என்று சொல்லிவிட்டு வந்தான். மறுநாள் பழைய மாணவர்கள் பார்க்க, வாசல் காவலாளி அவரைத் தடுத்து நிறுத்தினான். அன்றிலிருந்து அப்பா அண்ணனிடம் பேசவில்லை. அண்ணனும் வீட்டுப்பக்கம் போகவில்லை. நடுவில் இவள்தான் இரண்டு பக்கமும் ஓடிக்கொண்டிருந்தாள்.

"ஃபியூஸ் நல்லாத்தான் இருக்கு. ஹாரனுக்குக் கரண்ட் விடுற ரிலேவ எடுத்து இதுல மாட்டியும் பாத்துட்டேன்" என்றான் அண்ணன், தனக்குத்தானே சொல்வது போல. அவன் ஃபிரிட்ஜ், ஏசி பழுது பார்ப்பவன். கரண்ட்டைத் துரத்திப் பிடிப்பது அவனுக்குப் பழக்கம்தான். ஆனால் இன்று கரண்ட் வந்தால் எரிகிற டெஸ்ட் லாம்ப்பை இரண்டு முறை கீழே போட்டான்.

"விட்டுடுண்ணா. ஏதாச்சும் லாரியில தொத்திக்கிட்டுப் போயிடலாம்."

"அஞ்சே நிமிஷம். போய் உக்காரு. நான் சொல்றப்போ சாவியப் போடு. ரெண்டு செகண்டுதான் பம்புக்குக் கரண்ட் வரும், அதுக்குள்ள நான் பாத்தாகணும்."

அவள் ஓட்டுநர் இருக்கையில் போய் உட்கார்ந்தாள். மடியில் போன் அதிர்ந்தது. அத்தை.

"சொல்லுங்கத்தை, வந்துடுவோம், வண்டி..."

"போயிட்டாரும்மா."

ஒரு லாரி கடந்து போனது. கார் லேசாக ஆடியது.

"இப்பத்தான். கொஞ்ச நேரம் முன்னாடிகூட நல்லாக் கண்ண முழிச்சாரு. 'வந்துட்டானா?'ன்னாரு. வழியில வண்டி நின்னுபோச்சாம்னேன். மாஸ்க்குக்குள்ள சிரிச்சாரும்மா. 'அந்த ஓட்ட வண்டியா?'ன்னு சிரிச்சாரு. அப்புறம் அப்படியே..."

"போடு!"

அவள் சாவியைத் திருப்பினாள்.

"லாம்ப் எரியுது! பம்பு வரைக்கும் கரண்ட் வருது! ஆஃப் பண்ணு. இரு, கிளிப்ப மாத்திப் பிடிக்கிறேன். போடு!"

திருப்பினாள். போன் அவள் காதில்தான் இருந்தது. அத்தை அழுதுகொண்டிருந்தாள்.

"எரியல பாத்தியா? வண்டி பாடியில கிளிப்ப வச்சா எரியுது, அதோட சொந்த எர்த்து ஒயர்ல வச்சா எரியல. அப்ப கரண்ட் திரும்பிப் போற எர்த்துதான் விட்டுப்போச்சு. பம்பு மேல ஒரு தப்பும் இல்ல!" அவன் குரலில் சின்ன வயதுச் சந்தோஷம் இருந்தது. "யாரு போன்ல?"

"அத்தை."

"வந்துட்டோம்னு சொல்லு. அப்பாகிட்டயும் சொல்லச் சொல்லு."

அவள் போனை வைத்தாள். கண்ணாடியில் பார்த்தாள். அண்ணன் முட்டி போட்டு, பச்சை பூத்துப்போன ஒரு போல்ட்டை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தான். பின்கழுத்தில் வியர்வை ஓடியது. இப்போது சொல்லிவிடலாம். வாயைத் திறந்தாள். அவன் ஒயரை வைத்து, நட்டை முறுக்கி, இழுத்துப் பார்த்து, இன்னொரு சுற்று முறுக்கினான். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

"போடு!"

அடியில் எங்கோ உர்ர் என்று ஒரு சத்தம் எழுந்து அடங்கியது.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சுண்ணா."

அண்ணன் சீட்டைத் தூக்கி உள்ளே போட்டு, கையைச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டு ஓடிவந்தான். அவள் பக்கத்து இருக்கைக்கு நகர்ந்தாள். ஒரே சுற்றில் எஞ்சின் பிடித்தது. அவன் கியரை மாற்றி மாற்றி வேகத்தைக் கூட்டினான். ஒரு பேருந்தை முந்தினான், ஒரு வேனை முந்தினான். பேச்சு நிற்கவில்லை.

"போனதும் கால்மாட்டுலயே போய் நின்னுடுவேன். திட்டினாத் திட்டட்டும். 'மேனேஜர்கிட்ட நானே பேசுறேன், நாளைக்கே குளத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்'னு சொல்லிடுவேன். எறங்கவெல்லாம் வேணாம், கரையில நாற்காலி போட்டு உக்கார வச்சுடலாம். என்ன சொல்றே? விசில் வீட்டுலதான இருக்கு?"

"இருக்கு."

"ஒத்துக்குவாரா?"

வேகமானி முள் ஏறிக்கொண்டே போனது. வெளியே கம்பங்கள் ஓடின. அவள் கை பிடித்துக்கொள்ள எதையோ தேடி, கடைசியில் சீட் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டது.

"அண்ணா, மெதுவாவே போ."

"ஏன், பயமா இருக்கா?"

அவன் திரும்பி ஒருமுறை அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு சாலையைப் பார்த்தான். எஞ்சின் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

அவன் முந்தியிருந்த வேன் அவர்களைத் தாண்டிப் போனது. பிறகு அந்தப் பேருந்தும்.

வெகுதூரம் போன பிறகு, "எப்போ?" என்றான்.

"நீ லாம்ப்பப் பிடிச்சிட்டிருந்தப்போ."

அவன் தலையை ஆட்டினான். ஸ்டியரிங்கில் அவன் விரல்களெல்லாம் கருப்பாக இருந்தன.

"வண்டி நின்னுடுச்சுன்னு அத்தை சொன்னாங்களாம். சிரிச்சாராம். ஓட்ட வண்டியான்னு கேட்டு."

"சிரிச்சாரா?"

"ம்."

முன்னால் ஒரு டிராக்டர் காலி டிரெய்லரை இழுத்துக்கொண்டு ஊர்ந்துகொண்டிருந்தது. வலப்பக்கம் சாலை கண்ணுக்கெட்டிய வரை காலியாகக் கிடந்தது. அண்ணன் அதை முந்தவில்லை. அதன் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தான்.