குங்குமத்தை மட்டும் தொடச்சு வை

பக்கத்து வீட்டுக் கவியாவுக்கு டைனோசர் பைத்தியம் பிடித்தது எட்டாம் வகுப்பில். ப்ளஸ் டூ முடித்தும் தெளியவில்லை. நிலவியல்தான் படிப்பேன் என்று ஒரே பிடியாக நின்றாள். அவள் அப்பா வேடியப்பன் பி.காம். என்று நின்றார்.

"அதெல்லாம் செத்து எத்தினி வருசம் ஆச்சு! இன்னும் எதுக்கு அதுக்கு ஆளு எடுக்கறாங்க?" என்று அவர் கேட்டது எங்கள் வீட்டுச் சமையலறை வரை கேட்டது. வேங்கிக்காலில் புது வீடுகளுக்குச் சுவர் மெல்லிசு. நான் ஒன்றும் காது வைத்துக் கேட்கவில்லை.

அரியலூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, சுண்ணாம்புக்கல் குவியலில் அவள் ஒரு கல்லைப் பொறுக்கி வந்திருந்தாள். உள்ளங்கை அகலம், முறுக்கு சுற்றியது போல. "டைனோசர் காலத்துல கடல்ல இருந்தது அத்தை. பாத்தா நத்தை மாதிரி, ஆனா கணவாய்க்குத்தான் சொந்தம்" என்றாள். மேலே இலை நரம்பு போல மெல்லிய கோடுகள். அதைப் படமெடுத்துச் சென்னையில் ஒரு பேராசிரியருக்கு அனுப்பினாள். இப்படிக் கோடு பார்த்ததில்லை, புது வகையாக இருக்கலாம், பௌர்ணமிக்குக் கிரிவலம் வருகிறேன், நேரில் பார்க்கிறேன் என்று பதில் வந்தது.

வேடியப்பன் கொஞ்சம் இறங்கினார். "அவரு பாத்து இது பெரிய விசயம்னு சொல்லட்டும், நானே கூட்டினு போய்ச் சேத்து விடறேன். இல்லன்னா வாய மூடிக்கினு பி.காம்."

நான் சும்மா இருந்திருக்கலாம். கவியாவின் அம்மா சந்திரகலா கல்லைக் காட்டியபோது, "சாளக்கிராமம் மாதிரி இருக்குதே கலா" என்று சொல்லிவைத்தேன். மறுநாளே கல் பூஜை அலமாரிக்குப் போய்விட்டது. சந்தனம், குங்குமம், தலையில் ஒரு நந்தியாவட்டை.

கவியா சிரித்தாள். "இருக்கட்டும் அத்தை. தூக்கிப் போடுன்னு திட்டினவங்க இப்ப கும்பிடறாங்க. அங்கதான் பத்திரம்."

பௌர்ணமியன்று மத்தியானம் பேராசிரியரை அழைத்துவர பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பினவள், செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "அம்மா, அந்தக் குங்குமத்த மட்டும் தொடச்சு வை."

பூஜை சாமானைத் துடைப்பது என்றால் சந்திரகலாவுக்கு ஒரே வழிதான் தெரியும். குத்துவிளக்கோடு கல்லையும் குழாயடிக்கு எடுத்துவந்தாள். புளி, கம்பி நார். நான் இந்தப் பக்கம் நின்று என் மருமகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் தேய்த்துக்கொண்டே உம் கொட்டினாள்.

"லேசா நுரைக்குதுக்கா, எத்தினி நாள் அழுக்கோ! பெரிய மனுசன் வர்றாரு, பளிச்சுன்னு இருக்கட்டும்."

பளிச்சென்றுதான் இருந்தது.

பேராசிரியர் வந்ததும் நானும் அங்கே போனேன். அவர் கல்லை லென்ஸ் வைத்துப் பார்த்தார். திருப்பினார். வெளிச்சத்துக்கு வந்து மறுபடி பார்த்தார்.

"கோடு எங்கம்மா?"

கவியா கல்லை வாங்கினாள். விரலால் தடவினாள். முகர்ந்தாள். புளி வாசனை. அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"போட்டோ இருக்குதுங்களே ஐயா!" என்றாள் சந்திரகலா.

"போட்டோவ மட்டும் வச்சு எதையும் நிரூபிக்க முடியாதும்மா. இந்த வகையே அந்தக் கோட்டுலதான் தெரியும்." அவர் காபியைப் பாதியில் வைத்துவிட்டு, நடக்க நேரமாகிவிட்டது என்று எழுந்தார்.

வேடியப்பன் ஜெயித்தவர் மாதிரி இல்லை. வாசலைப் பார்த்தபடியே, "திங்கக்கிழமை காலேஜுக்குப் போலாமா கண்ணு?" என்றார்.

"சரிப்பா."

அழுதிருந்தால் சமாதானம் சொல்லலாம் என்றுதான் நான் நின்றிருந்தேன். எனக்கு அங்கே வேலையே இல்லை.

சந்திரகலா கல்லை முந்தானையில் பிடித்துக்கொண்டு நின்றாள். "கும்பிடவும் மனசு வரல, தூக்கிப் போடவும் கை வரல. இத எங்கடி வைக்கட்டும்?"

"எங்க வேணா வைம்மா" என்றாள் கவியா. "பத்து கோடி வருசம் தாங்கிச்சு. இனிமே அது வெறும் கல்லுதான்."