மருதம்மாளின் கால்கள்

தஞ்சோங் டாவாய் கடலில் மூழ்கி ஞானஸ்நானம் எடுத்த மறுநாள் காலையிலிருந்து மருதம்மாளின் கால்கள் அவள் பேச்சைக் கேட்கவில்லை. பசாருக்கு மீன் வாங்கக் கிளம்பியவளை பீடோங் பஸ் நிலையத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தின. அங்கே ஒரு வங்காளதேசத் தொழிலாளி காய்ச்சலில் சுருண்டு கிடந்தான். அவனைக் கிளினிக்கில் சேர்த்துவிட்டு அவள் வீடு திரும்பும்போது மணி மூன்று. "உம்முடைய சித்தப்படி என்னை நடத்தும்னு தண்ணியில நின்னு சொன்னது நீங்கதானே சிஸ்டர்?" என்றார், போனில் முறையிட்டவளிடம் பாஸ்டர் திவாகரன். சொன்னது என்னவோ வாஸ்தவம்தான். ஆண்டவர் அதை மறுநாளே கையில் எடுத்துக்கொள்வார் என்று யார் கண்டார்கள்?

ஐம்பத்தெட்டு வயதுவரை யாருக்கும் அடங்காதவள் அவள். புருஷன் இருந்தவரை அவர் எந்தச் சட்டை போடுவது என்பதைக்கூட அவள்தான் முடிவு செய்தாள். அப்பேர்ப்பட்டவள் பையில் குடையும் பிஸ்கட்டும் போட்டுக்கொண்டு கால் போன போக்கில் போகப் பழகினாள். "அக்கா, இன்னிக்கு எந்தப் பக்கம்?" என்று பஸ் டிரைவர் கேட்டால், "காலக் கேளு தம்பி, எனக்கென்ன தெரியும்லா" என்பாள். இப்படியே இரண்டு வருஷம் ஓடியது.

ஒரே ஓர் இடத்தை மட்டும் அவள் ஆண்டவருக்குக் கொடுக்கவில்லை. அது செமிலிங்கில் இருந்த தம்பி அய்யாவுவின் வீடு. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவன் மகள் நளினிக்குக் கல்யாணம். வெற்றிலை பாக்குத் தட்டோடு முதலில் அத்தை வீட்டுக்கு வந்து அழைக்க வேண்டும், அதுதான் முறை. அந்தப் புத்திகெட்டவனோ பத்திரிகையை வாட்ஸ்அப்பில் அனுப்பினான். "ஊரு பேரு தெரியாதவங்களோட சேத்து குரூப்புல போடுறான், நான் என்ன அவனுக்கு அவ்வளவுதானா?" என்று கொதித்தவள், இனி அவன் வாசலை மிதிப்பதில்லை என்று சபதம் போட்டுவிட்டாள். அவன் கூப்பிட முடியாதபடி போனில் அவன் நம்பரையும் அடைத்தாள். ஜெபத்தில்கூட, "எல்லாம் உமக்குத்தான் ஆண்டவரே, செமிலிங் மட்டும் வேண்டாம்" என்றுதான் முடிப்பாள்.

போன மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை கால்கள் செமிலிங் பக்கம் திரும்பின. முச்சந்தியில் இருந்த கம்பத்தைக் கட்டிப்பிடித்து, "மாட்டவே மாட்டேன்" என்றாள். கால்கள் வம்பு பண்ணவில்லை, நின்றுவிட்டன. ஆனால் வீட்டுப் பக்கமும் நகரவில்லை. மூன்று நாள் அங்கேயே நின்றாள். சாப்பாட்டுக்கடை பஷீர் ரொட்டி சானாயும் நாற்காலியும் கொண்டுவந்தார். மோட்டார்சைக்கிள்கள் விலகிப் போயின. சாலைக்கு அப்பால் இப்போது செம்பனை நிற்கும் இடத்தில்தான் அந்தக் காலத்து ரப்பர் தோட்டத்து லயம், தொழிலாளர்களின் வரிசை வீடுகள், இருந்தது. அம்மா பால்வெட்டுக்குப் போனதும், ஒன்பது வயது மருதம்மாள் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டாய்க்குப் போவாள். இவள் அவன் கண்ணுக்கு மறைந்தால் போதும், ஊரைக் கூட்டி அழுவான். வேறு யார் ஊட்டினாலும் துப்புவான். அந்தக் கனம் இத்தனை வருஷம் கழித்து இடுப்பில் வந்து உட்கார்ந்துகொண்டது. மூன்றாம் நாள் மத்தியானம் வாய்விட்டு அழுதாள். "சரி, அதையும் எடுத்துக்கும்" என்று கம்பத்தை விட்டாள்.

கதவைத் திறந்த தம்பி பெண்சாதி பாப்பம்மா, "அண்ணி!" என்று கதவை அகலத் திறந்து வழிவிட்டாள். உள்ளே சக்கர நாற்காலியில் அய்யாவு. இனிப்பு நீர் வியாதி முற்றி, வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்து ஏழு மாதமாகியிருந்தது. மருதம்மாள் வாசலிலேயே நின்று மார்பில் அடித்துக்கொண்டாள். "பாவி, எனக்கு ஒரு வார்த்தை சொல்லலையேடா!"

"எப்படிச் சொல்றது? போன அடச்சு வச்சிருக்க" என்றான். பிறகு வீங்கிக் கிடந்த அவள் பாதங்களைப் பார்த்தான். "உள்ள வாக்கா. மொதல்ல உக்காருலா."

கால்கள் உள்ளே போய் உட்கார வைத்தன. இரண்டு வருஷத்தில் ஒரு மனுஷன் சொல்லி அவை கேட்டது அதுதான் முதல் தடவை.

அன்றிலிருந்து அவை அய்யாவு சொன்னபடிதான் நடக்கின்றன. டீ குடிக்கணும் என்றால் டீக்கடைக்கு அவனைத் தள்ளிக்கொண்டு போகும். வெள்ளிக்கிழமை அவனை அம்மன் கோயில் வாசலில் விட்டுவிட்டுப் பூசை முடியும்வரை வெளியே நிற்கும். பாஸ்டர் ஒருமுறை கோயில் விஷயத்தை லேசாகக் கேட்டுப் பார்த்தார். "நான் போகலைங்க ஐயா, அனுப்புறவரு அனுப்புறாரு" என்றாள். அவரும் சிரித்துவிட்டார். "மழை வருது, ஓடுக்கா!" என்று அய்யாவு கத்தினால், அறுபது வயதில் அவள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு செமிலிங் சாலையில் ஓடுகிறாள். இப்போதெல்லாம் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.